பறக்கும் தட்டு இறங்கிய காலம்

‘ஜெமினி’ என்றால் என்ன?

வானநூல் படித்தவரைக் கேட்டால், அது மிதுன ராசி. இரட்டையர் உருவில் அமைந்த விண்மீன் கூட்டம் என்பார். விண்வெளிப் பயணத்தில் ஆர்வம் உள்ளவரைக் கேட்டால், 1965, 1966 ஆம் ஆண்டுகளில் இருவர் இருவராக வானுக்குச் சென்ற அமெரிக்க விண்கலம் என்பார். சென்னையில் பஸ்ஸில் போகும் யாரையும் கேட்டுப் பாருங்கள். “பாலம்” என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும்!

1973இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் உண்மைப் பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் மக்கள் வாயில் அது ஜெமினி மேம்பாலம்தான். காரணம், அதன் அருகே இருந்த ஜெமினி ஸ்டூடியோ. ஊதுகுழல் ஊதும் இரட்டைச் சிறுவர்களைச் சின்னமாகக் கொண்ட அந்த ஸ்டூடியோவை எஸ்.எஸ். வாசன் 1940களின் தொடக்கத்தில் நிறுவினார். ‘சந்திரலேகா’வின் (1948) பிரம்மாண்டமான முரசு நடனம் அங்கே உருவானதுதான். இன்று ஸ்டூடியோ இல்லை. அது இருந்த நிலத்தில் நட்சத்திர ஓட்டல் ஒன்று நிற்கிறது. பெயர் மட்டும் பாலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜெமினி மட்டுமல்ல. அடையாற்றில் நெப்டியூன் ஸ்டூடியோவாக இருந்து பிறகு சத்யா ஸ்டூடியோவானது இன்று ஒரு பெண்கள் கல்லூரி. தியாகராய நகரைத் தாண்டி வடபழனிக்குப் போனால், விஜயா-வாகினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் மருத்துவமனையும் வணிக வளாகமும் இருக்கின்றன.

இத்தனை பெரிய ஸ்டூடியோக்கள் ஏன் தோன்றின? ஏன் மறைந்தன? இரண்டு கேள்விகளுக்கும் பதிலின் பெரும்பகுதி விஞ்ஞானத்தில் இருக்கிறது. அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஒளியைக் கட்டிப்போட்ட கூடம்

சினிமாப் பிலிமின் மேல் வெள்ளி உப்புக்களின் நுண்ணிய படிகங்கள் பூசப்பட்டிருக்கும். சில்வர் புரோமைடு அவற்றில் முக்கியமானது. ஒளி பட்ட படிகங்கள் மட்டும் ரசாயனக் குளியலில் கருமையான வெள்ளித் துகள்களாக மாறும். ஒளி படாதவை கழுவி அகற்றப்படும். இதுதான் பிலிமின் அடிப்படை.

பழைய பிலிமுக்கு ஒளி நிறைய வேண்டும். சூரியனை நம்பினால் மேகம் மறைக்கும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். பேசும் படம் வந்தபின் இன்னொரு தொல்லை. தெருவில் போகும் வண்டியின் ஓசையும் காக்கையின் குரலும்கூடப் பதிவாகிவிடும். ஆகவே வெளி ஓசை புகாத சுவர்களும், கூரையில் பெரிய விளக்குகளும் கொண்ட கூடங்கள் தேவைப்பட்டன. பக்கத்திலேயே பிலிமைக் கழுவும் லேபரட்டரி, தச்சுப் பட்டறை, தையல் கூடம், ஓவியர் கூடம், படத்தொகுப்பு அறை எல்லாம் வேண்டும். மாதச் சம்பளத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்த தொழிற்சாலைதான் ஸ்டூடியோ.

ஒருவர் இருவரான விந்தை

அந்தத் தொழிற்சாலைக்குள் வியப்பான பல வேலைகள் நடந்தன. ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’ (1949) படத்தில் எம்.கே. ராதா இரட்டைச் சகோதரர்களாக நடித்தார். ஒரே நடிகர் இரண்டு இடங்களில் எப்படித் தோன்ற முடியும்?

அக்காலத்தில் இரட்டை வேடத்துக்குக் கையாண்ட முறை இதுதான். காமிராவை அசையாமல் இறுக்கிப் பொருத்துவார்கள். லென்சின் முன் வலப் பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்து, இடப்பக்கம் நடிகர் நடிப்பதைப் படம் எடுப்பார்கள். பிறகு அதே பிலிமைத் தொடக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து, இடப் பாதியை மறைத்து, நடிகரை வலப்பக்கம் வேறு உடையில் நிறுத்தி மீண்டும் எடுப்பார்கள். முதல் தடவை ஒளி படாத பாதியில் படிகங்கள் மாறாமல் காத்திருந்தன அல்லவா? அவை இப்போது படத்தை ஏற்றுக்கொள்ளும். இரண்டு பாதிகளும் சேரும் கோடு ஒரு தூணின் ஓரத்திலோ கதவின் விளிம்பிலோ ஒளிந்துகொள்ளும். காமிரா ஓர் இழை நகர்ந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்!

வாகினி ஸ்டூடியோவில் உருவான ‘மாயா பஜா’ரில் (1957) கிருஷ்ணனின் துவாரகை நகரம் தெரிகிறது. அது சுமார் 300 பொம்மை வீடுகளால் ஆனது. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி, ஸ்டூடியோ விளக்குகளைக் கொண்டே நிலா வெளிச்சத்தை உண்டாக்கிப் பார்ப்போரை மயங்கச் செய்தார்.

பொம்மையைப் பெரிதாகக் காட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 122.5 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் விழுந்தால், தரையைத் தொட 5 விநாடி ஆகும். அதே கோபுரத்தை 25இல் ஒரு பங்காக, 4.9 மீட்டரில் செய்தால், கல் 1 விநாடியில் விழுந்துவிடும். பார்ப்பவர் உடனே “இது பொம்மை” என்று கண்டுகொள்வார். என்ன செய்யலாம்? விநாடிக்கு 24 படங்களுக்குப் பதில் 5 மடங்காக 120 படங்கள் எடுக்க வேண்டும். அதைத் திரையில் வழக்கமான 24 வேகத்தில் ஓட்டினால், 1 விநாடி 5 விநாடியாக நீளும். கோபுரமும் மலைபோலத் தோன்றும். 25இன் வர்க்கமூலம் 5 என்பதைக் கவனித்தீர்களா?

நிலவில் மனிதன் குதிப்பதைக் காட்டவும் இதே கணக்குத்தான். நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 6இல் ஒரு பங்கு. 6இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 2.45. அதை 24ஆல் பெருக்குங்கள். விநாடிக்குச் சுமார் 59 படங்கள் எடுத்தால் போதும். ஸ்டூடியோத் தரையே நிலவாகிவிடும்.

தமிழ் பேசிய வேற்றுக் கிரகம்

இந்தத் தந்திரங்கள் புராணக் கதைகளுக்கு மட்டும் பயன்பட்டன என்று எண்ணிவிடாதீர்கள். சென்னைக்கு வெளியே, சேலத்தில் டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், ஹாலிவுட்டின் லிப்பர்ட் நிறுவனத்துடன் சேர்ந்து 1952இல் ‘காடு’ என்ற படத்தை எடுத்தது. ஆங்கிலத்தில் அதற்கு ‘தி ஜங்கிள்’ என்று பெயர். அழிந்துபோன மம்மத் என்னும் ரோம யானைகள் இந்தியக் காட்டில் திரிவதாகக் கதை. நம் ஊர் யானைகளுக்கு ரோமப் போர்வை போர்த்தி மம்மத் ஆக்கினார்கள்! உண்மையில் மம்மத்துகள் குளிர்ப் பிரதேசத்து விலங்குகள். அவற்றின் கடைசிக் கூட்டம் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆர்க்டிக் கடலின் ராங்கல் தீவில் அழிந்தது. ஆனால் “அழிந்த உயிர் ஒன்று மீண்டும் வந்தால்?” என்று கேட்பதுதானே விஞ்ஞானக் கதையின் வேலை?

1963 ஏப்ரலில் வந்தது ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் இயக்கியது, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. விஞ்ஞானத்தில் வெகுவாக முன்னேறிய ஒரு வேற்றுக் கிரகத்தில் கலை மட்டும் இல்லை. ஆகவே அங்குள்ளவர்கள் பூமிக்கு வந்து, இசை கற்றுத்தர ஒரு பாடகியைத் தூக்கிச் செல்கிறார்கள். அவளை மீட்கக் கதாநாயகன் விண்வெளிக்குப் போகிறான். வேற்றுக் கிரகவாசிகளைக் காட்டிய முதல் இந்தியப் படம் என்று இதைக் குறிப்பிடுகிறார்கள்.

தேதியைக் கவனியுங்கள். யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றது 1961 ஏப்ரலில். கேரளத்தின் தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது 1963 நவம்பர் 21இல். அதாவது, உண்மையான ராக்கெட் தும்பாவிலிருந்து எழுவதற்கு ஏழு மாதம் முன்பே தமிழ்த்திரையில் விண்கலம் பறந்துவிட்டது!

ஹாலிவுட்டிலும் இதே கதை

பெரிய ஸ்டூடியோ சரிந்தது சென்னையில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. 1933இல் ‘கிங் காங்’ படத்தை எடுத்தது அதுதான். கட்டடம் ஏறிய அந்த ராட்சதக் குரங்கு, பல காட்சிகளில் சுமார் ஒன்றரை அடி உயரப் பொம்மை. அதைச் சிறிது சிறிதாக அசைத்து ஒவ்வொரு படமாக எடுத்தார்கள்.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படம் எடுப்பவர்களே தியேட்டர்களையும் கையில் வைத்திருப்பது தவறு என்று தீர்ப்பளித்தது. டெலிவிஷனும் வீடுகளுக்குள் நுழைந்தது. ஆர்.கே.ஓ. கை மாறி, 1955இல் ஒரு டயர் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது! அந்தக் கம்பெனி முக்கியமாக விரும்பியது ஸ்டூடியோவை அல்ல. டெலிவிஷனில் காட்டக்கூடிய பழைய படங்களைத்தான். 1957இல் படம் எடுப்பது நின்று, ஸ்டூடியோ நிலம் டெலிவிஷன் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. ஸ்டூடியோ போய்விட்டது, பிலிம் சுருள்கள் மட்டும் செல்வமாக நின்றன. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு குறைந்தது, கூடம் காலியானது

சென்னைக்குத் திரும்புவோம். இங்கே கூடங்களைக் காலி செய்ததில் பிலிமுக்கே பெரும் பங்கு உண்டு. வண்ணப் பிலிமை எடுத்துக்கொள்வோம். அதன் ஒளியுணர் திறனை ஓர் எண்ணால் குறிப்பார்கள். ஈஸ்ட்மன் வண்ணப் பிலிமுக்கு இது 1952இல் 25 ஆக இருந்தது. 1968இல் 100 ஆயிற்று. 1983இல் 400 வந்துவிட்டது. 25க்கும் 400க்கும் இடையே 16 மடங்கு. பதினாறு விளக்குகள் தேவைப்பட்ட இடத்தில் ஒரு விளக்கு போதும் என்று பொருள்!

காமிராவும் இளைத்தது. பலர் சேர்ந்து தூக்கிய மிச்செல் காமிராவின் இடத்தில், ஒருவரே சுமக்கக்கூடிய ஆரிபிளெக்ஸ் வந்தது. குரலைப் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கலாம் என்றானதும் காக்கை கரைந்தாலும் கவலை இல்லை. அடையாறு திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்களும் புதிய முறைகளோடு வந்தார்கள். 1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ கிராமத்துக்கே போய்ப் படமாக்கப்பட்டது. நிஜ வயலும் நிஜத் தெருவும் இருக்கும்போது, அட்டை வயலுக்கு வாடகை எதற்கு?

பணக் கணக்கும் சேர்ந்துகொண்டது. படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சம்பளப் பட்டியல் நிற்காது. நகரம் வளர வளர நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. வாசன் 1969இல் மறைந்தார். அதன்பின் ஜெமினியில் படம் எடுப்பது படிப்படியாக ஓய்ந்தது. அங்கே பல ஆண்டுகள் வேலை பார்த்தவரும், தியாகராய நகரில் வெகுகாலம் வாழ்ந்தவருமான எழுத்தாளர் அசோகமித்திரன், சினிமா உலகத்தைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் ‘கரைந்த நிழல்கள்’.

நிழல்கள் உண்மையாகவே கரையும்

அந்தப் பெயர் ரசாயனப் பாடத்துக்கும் பொருந்தும்! 1950களின் தொடக்கம் வரை பிலிம், செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனது. அது வெடிமருந்துப் பஞ்சுக்கு உறவு. தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொண்டு எரியும். தண்ணீராலும் அணைப்பது கடினம். 2003 ஜனவரியில் புனேயில் நேர்ந்த தீ விபத்தில் இத்தகைய பழைய சுருள்கள் பல அழிந்தன. பின்னால் வந்த அசிடேட் பிலிம் அப்படி எரியாது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து, அசிடிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பிலிம் சுருங்கி, நெளிந்து, நொறுங்கிவிடும். சென்னையின் கோடையையும் கடல் காற்றையும் நினைத்துப் பாருங்கள்!

இன்னொரு எதிரி வெள்ளி. பிலிமில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கலாம் என்பதால், ஓடி முடிந்த சுருள்கள் எடைக்குப் போட்டு உருக்கப்பட்டதும் உண்டு. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. அதன் பிரதி எதுவும் எஞ்சவில்லை. 1964இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்குமுன் மறைந்த படங்கள் ஏராளம்.

குளிர்ந்த, ஈரமற்ற அறையில் வைத்தால் பிலிம் பல தலைமுறை வாழும். அதைச் செய்யும் ரசாயனமும் பொறியியலும் நம்மிடம் உள்ளன. இந்தத் துறைக்கு விஞ்ஞானம் படித்த இளைஞர்கள் வேண்டும். உங்களில் சிலர் போகலாம் அல்லவா?

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டான அறையில் மேசைமேல் ஒரு கண்ணாடித் தகட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதற்கு முன்னால் 20 செ.மீ. தூரத்தில் எரியும் மெழுகுவர்த்தி. பின்னால் சரியாக அதே 20 செ.மீ. தூரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். மெழுகுவர்த்தி நேரே கண்ணில் படாதபடி, அதைவிட உயரமான அட்டை ஒன்றை அதற்கு இப்பால், தீ எட்டாத தூரத்தில் மறைப்பாக வையுங்கள். இப்போது அட்டைக்கு மேலாகக் கண்ணாடியைப் பாருங்கள். தண்ணீருக்குள் மெழுகுவர்த்தி எரியும்! பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ, பிம்பம் பின்னால் அவ்வளவு தூரம் என்ற விதியே இதற்குக் காரணம்.

பிரதிபலிப்பின் இந்த விதியை நம்பித்தான் ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ (1927) படத்துக்காகச் சிறு பொம்மை நகரத்தின் பிம்பத்தையும் நிஜ மனிதர்களையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

அடுத்த முறை ஒரு பழைய படம் பார்க்கும்போது “எவ்வளவு பழசு!” என்று எழுந்து போய்விடாதீர்கள். தூணின் ஓரத்தைக் கவனியுங்கள். விழும் கல்லை எண்ணுங்கள். நிலா எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். அந்தக் கூடங்களில் வேலை செய்தவர்களின் இயற்பியல் அங்கே இன்னும் இருக்கும், பிலிம் இருக்கும்வரை.