தினமும் அதிவேக நெடுஞ்சாலையில் போய் வருபவருக்கு எந்தக் கார் பொருந்தும்?

2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை காலி வரை திறக்கப்பட்டது. 2014 இல் அது மாத்தறை கொடகம வரை நீண்டது. அதன் பின்னர் நமது தென்மாகாணக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை முறையே மாறிப் போனது. முன்பெல்லாம் வெலிகமையிலோ காலியிலோ இருந்து கொழும்பில் வியாபாரம் செய்பவர்கள், புறக்கோட்டையில் கடைக்கு மேலே ஓர் அறையில் தங்கி, வியாழன் இரவு அல்லது வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்புவார்கள். இன்று சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, கடை திறக்கும் நேரத்துக்குக் கொழும்பை அடைந்து, இரவு பிள்ளைகளுடன் சாப்பிட முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய நிஃமத்.

ஆனால் இந்த வசதியுடன் ஓர் ஆபத்தும் சேர்ந்தே வந்திருக்கிறது. வெலிகமைக்கு அருகிலுள்ள கொக்மாதுவவில் ஏறி கொட்டாவையில் இறங்குபவர், போகவும் வரவுமாக நாளொன்றுக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுகிறார். 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீற்றர் ஓடுகிறது. களைப்பில் நான்கு நொடி கண் அயர்ந்தால், 110 மீற்றருக்கும் மேல் அந்தக் கார் சாரதியே இல்லாமல் ஓடுகிறது. எனவே நெடுஞ்சாலைப் பயணத்தில் சௌகரியம் என்பது ஆடம்பரம் அல்ல. சாரதியைக் களைப்படையச் செய்யாத கார்தான் பாதுகாப்பான கார்.

நாம் கார் வாங்கும்போது கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். "லீட்டருக்கு எத்தனை ஓடும்?", "திரும்ப விற்றால் என்ன விலை போகும்?" இவை இரண்டும்தான். 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் பழைய கார்களின் விலையும் ஏறியதால், காரைக் காணித் துண்டு போலப் பார்க்கும் பழக்கம் இன்னும் கூடிவிட்டது. முதுகு வலிக்குமா, பின் ஆசனத்தில் உம்மாவும் பிள்ளைகளும் இரண்டு மணி நேரம் இருக்க முடியுமா என்று கேட்பவர் குறைவு.

முதலில் காரின் அளவைப் பார்ப்போம். சுசுகி வெகன் ஆர் போன்ற ஜப்பானியச் சிறிய ரகக் கார்கள் 660 சீசீ இன்ஜின், 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம் என்ற அந்நாட்டு வரம்புக்குள் செய்யப்பட்டவை. ஊருக்குள் ஓடவும், பாடசாலைக்குப் பிள்ளைகளை இறக்கவும், மருதானை நெரிசலில் திரும்பவும் அவற்றுக்கு நிகரில்லை. ஆனால் நான்கைந்து பேருடன், ஏ.சி. போட்டு, 100 இல் ஓடும்போது அந்தச் சிறிய இன்ஜின் தன் சக்தியின் எல்லைக்கு அருகில் உழைக்கிறது. உயரமான, ஒடுங்கிய உடல் என்பதால் பக்கக் காற்றிலும், பெரிய பஸ் ஒன்று கடந்து போகும்போதும் கார் ஆடும். சாரதி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். களைப்பு அங்கேதான் தொடங்குகிறது.

முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலான தூரம் கூடக்கூட, கார் நேராகவும் ஆட்டமின்றியும் ஓடும். டொயோட்டா அக்வாவின் முதல் தலைமுறையில் இந்தத் தூரம் 2550 மில்லிமீற்றர். எக்ஸியோவில் 2600. பிரிமியோ, எலியன் கார்களில் 2700. பின் ஆசனத்தில் கால் நீட்டும் இடமும் பெரும்பாலும் இதையே பொறுத்தது. வயதான பெற்றோரை மாதாந்தம் கொழும்பு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, எரிபொருள் கணக்கு. ஹைபிரிட் கார் மிச்சம் பிடிப்பது முக்கியமாக நின்று நின்று ஓடும் நகரத்தில்தான். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை பற்றரியில் சேமித்து, மறுபடி பயன்படுத்துவதே அதன் வேலை. நெடுஞ்சாலையில் பிரேக் பிடிக்கும் சந்தர்ப்பமே குறைவு. ஒரே சீரான வேகத்தில் இன்ஜினே காரை இழுக்கிறது. ஆகவே, ஹைபிரிட்டுக்கும் சாதாரண பெற்றோல் காருக்கும் உள்ள இடைவெளி அங்கே சுருங்கிவிடும். அத்துடன் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 60 இல் இருந்ததைவிட 100 இல் அது கிட்டத்தட்ட 2.8 மடங்கு. 100 க்குப் பதிலாக 85 - 90 இல் ஓட்டினால் எந்தக் காரிலும் மிச்சம் தெரியும். ஹைபிரிட் வாங்கினால், பின் ஆசனப் பக்கமுள்ள பற்றரியின் காற்றுத் துவாரத்தைப் பைகளால் அடைத்துவிடாதீர்கள். பற்றரி சூடேறினால் அதன் ஆயுள் குறையும்.

மூன்றாவது, பாதுகாப்பு. ஆரம்ப மாதிரிக் கார்கள் சிலவற்றில் எயார் பேக்கே இருப்பதில்லை. விலை குறைவு என்பதற்காக அவற்றை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். எயார் பேக் இருந்தாலும் ஒரு விடயத்தைச் சரிபார்க்க வேண்டும். தகாட்டா நிறுவனத்தின் எயார் பேக்குகள் பொருத்தப்பட்ட பல ஜப்பானியக் கார்கள் உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரப்பதனும் கூடிய நாடுகளில் காலம் செல்லச் செல்ல அதன் உள்ளிருக்கும் இரசாயனம் பழுதடைந்து, விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறக்கூடும் என்பதே காரணம். நமது நாட்டின் காலநிலையும் அதுதான். பழைய கார் வாங்குபவர், செசி இலக்கத்தைக் கொடுத்து அந்தப் பாகம் மாற்றப்பட்டுள்ளதா என்று முகவரிடம் விசாரிக்க வேண்டும்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் நமது வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 100 இல் செல்லும் கார் மோதி, நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தை 280 கிலோ பாரத்தின் வலுவோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைத் தாங்க முடியாது. ஆகவே பின் ஆசனத்திலும் எல்லோருக்கும் ஆசனப்பட்டி இருக்கிறதா, குழந்தை இருக்கையைப் பூட்டும் கொளுவி இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து பேருக்கான காரில் ஏழு பேர் போவதாக இருந்தால், காரை மாற்றுங்கள் அல்லது பயணத்தை மாற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் விற்பவருடன் ஊரைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பது போதாது. நெடுஞ்சாலையில் ஏறி, ஒரு வாயிலில் இருந்து அடுத்த வாயில் வரையாவது ஓட்டுங்கள். 80 க்கு மேல் ஸ்டியரிங் நடுங்கினால் சில்லு சமநிலையில் இல்லை, அல்லது வேறு பழுது இருக்கிறது. கண்ணாடிகளை மூடிய பின்னும் சத்தமிட்டுப் பேச வேண்டியிருந்தால், அந்த இரைச்சல் தினமும் உங்களைக் களைக்க வைக்கும். ஆசனத்தில் இடுப்புக்குத் தாங்கல் இருக்கிறதா, முழங்கால் எதிலும் இடிக்கிறதா என்று கவனியுங்கள். மனைவியையும் பெற்றோரையும் பின்னால் இருத்திப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ தேயாவிட்டாலும் வயதான டயர் வெடிக்கலாம்.

பணம் போதாதவர்கள் அவசரப்பட்டு வட்டி லீசிங்கில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இஜாரா, முராபஹா முறைகளில் வாகனம் பெற்றுத் தரும் இஸ்லாமிய வங்கிச் சேவைகள் நாட்டில் உள்ளன. ஒப்பந்தத்தை வாசித்து, தெரிந்த ஆலிம் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். புதிய மாதிரிச் சிறிய காருக்குக் கொடுக்கும் பணத்தில், நன்றாகப் பராமரிக்கப்பட்ட சற்றுப் பழைய எக்ஸியோவோ எலியனோ கிடைக்குமானால், நெடுஞ்சாலைக்கு அதுவே பொருத்தம்.

எந்தக் காராக இருந்தாலும் கண் கனத்தால் வெலிபென்ன ஓய்விடத்தில் நிறுத்தி, முகம் கழுவி, இருபது நிமிடம் தூங்குங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நமது. கடை அரை மணி நேரம் பிந்தித் திறந்தால் நட்டம் சிறிது. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு நாம் திரும்பி வருவதுதான் பெரிது.