எல்லைக்கு அடங்காத ஊர்

சென்னையிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் இருப்புப்பாதையும், கூடூரிலிருந்து திருப்பதி வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதையும் சந்திக்கும் ரேணிகுண்டாவில், தேநீர் விற்பவர் ஒரு ஜன்னலருகே தெலுங்கில் விலை சொல்லி, அடுத்த ஜன்னலில் தமிழில் சில்லறை கேட்டு, அதற்கும் அடுத்ததில் இந்தியில் பேரம் முடிப்பதைக் காண்போர்க்கு, பாஷா ஞானம் பாடசாலையில் மட்டுமே வாய்ப்பதன்று என்பது விளங்கும்.

இந்தச் சகஜபாவம் பூசலே காணாத பூமியில் முளைத்ததன்று. ஆந்திரத்தில் அடங்கிய சித்தூர் ஜில்லாவின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை ராஜ்யத்தில் சேர்க்கக் கோரித் தமிழகத் தலைவர் ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தனர். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது.

ஆயினும், திருப்பதி மலைக்கோயிலில், மற்ற மாதங்களில் சம்ஸ்கிருத சுப்ரபாதம் கேட்டுத் துயிலெழும் திருவேங்கடமுடையான், மார்கழியில் ஆண்டாளின் திருப்பாவை கேட்டு எழுகிறான். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியரின் தெலுங்குக் கீர்த்தனைகளும் அவன் சந்நிதியில் ஒலிக்கின்றன. 1843 முதல் 1933 வரை அக்கோயிலை நிர்வகித்தவர்களோ, வடநாட்டு மரபில் வந்த ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகள். எந்தச் சர்க்கார் கோடும் இந்தச் சம்பிரதாயங்களைப் பங்கு பிரிக்க இயலவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

மலையடிவாரத்து வீடுகளிலும் அப்படியே: பகலில் ராகி சங்கடியும் வேர்க்கடலைச் சட்னியும், இரவில் இட்லியும் சாம்பாரும் உண்ணும் குடும்பத்தில், எந்தப் பதார்த்தம் எந்த ராஜ்யத்துக்கு உரியது என்று விசாரிப்பார் ஒருவருமில்லை; பசியோடு வந்த விருந்தாளிக்கு எது தயாராக இருக்கிறதோ, அதுவே முதலில் இலையில் விழுகிறது.