அச்சில் கற்றலும் திரையில் தேடலும்

நூலைத் தாங்கும் கருவி மாறுந்தோறும் கற்கும் முறையும் மாறும். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்திற்குப் புள்ளி இல்லை, சொற்பிரிப்பும் இல்லை. ஆதலின், கற்பவரே எழுத்தை உறுதிசெய்து சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அச்சு வந்தபின் அப்பணியைப் பதிப்பாசிரியர் மேற்கொண்டார். 1894-இல் உ. வே. சாமிநாதையர் வெளியிட்ட புறநானூற்றில் மூலம், கிடைத்த அளவு பழைய உரை, திணை துறைக் குறிப்பு, பாடவேறுபாடு ஆகியன ஒருங்கே அமைந்தன. மூலத்தை நாடுவோர் ஏனையவற்றையும் உடன் காண்பர்.

இன்று சங்க நூல்கள் இணையத்திலும் உள்ளன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001-இல் தொடங்கப்பெற்று இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிறுவனமும் இத்துறையில் ஆற்றியுள்ள பணி பெரிது. மாடம்பாக்கத்து மாணவர் ஒருவர், தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்கோ கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்திற்கோ சென்று நாள் முழுதும் தேட வேண்டிய சொல்லைத் தம் வீட்டிலிருந்தே நொடியில் தேடிவிடலாம்.

எனினும் இவ்வெளிமையில் ஓர் இடர் உண்டு. நான் மதிப்பிடும் ஆய்வேடுகள் சிலவற்றில், 'இச்சொல் சங்க நூல்களில் பயிலவில்லை' என்னும் முடிபைக் காண்கிறேன். சான்று யாது என வினவின், திரையில் தேடிக் கிட்டவில்லை என்பதே விடையாகிறது. இயல்பான தேடலில் கணிப்பொறி எழுத்துகளின் வரிசையை நோக்குமேயன்றிச் சொல்லை நோக்காது. 'தொடி' எனத் தேடுவார்க்குப் 'பொற்றொடி' அகப்படாது. 'தாய்' என்பார்க்கு 'நற்றாய்' அகப்படாள். 'மண்' என்பார்க்கு 'மட்குடம்' தோன்றாது. புணர்ச்சியில் எழுத்துத் திரிதலே காரணம். 'கல்' எனத் தேடினாலோ, 'கல்வி', 'பகல்' முதலிய வேற்றுச் சொற்களும் வந்து குவியும். ஆகவே, தேடலில் வாராமை நூலில் இல்லாமைக்குச் சான்றாகாது. திரிந்த வடிவங்களையும் கருதித் தேடுவதற்கு எழுத்ததிகாரப் பயிற்சி இன்றியமையாதது.

மற்றொன்றும் கருதத்தக்கது. தேடல் பெரும்பாலும் ஓர் அடியைத் தனியே எடுத்துக் காட்டும். அது தலைவி கூற்றா, தோழி கூற்றா என்பதும், பாடவேறுபாடு உண்டா என்பதும் அவ்வடியில் தெரியா. இக்குறை திரைக்கே உரியதன்று. அச்சுப் பக்கத்தை அவ்வாறே படமெடுத்து இணையத்தில் இடின் இவையும் உடன்வரும். எனவே, இணையத்தில் கண்ட அடியைப் பதிப்பின் பக்கத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஆய்வேட்டில் ஆளுதல் வேண்டும்.