கம்ப்யூட்டர் திறக்க மறுத்தால் கணக்கைக் காப்பது எப்படி?

நமது விருதுநகர் மண்டிகளில் ஒரு காலத்தில் கணக்கப்பிள்ளையின் சாய்வு மேஜையும் சிவப்பு அட்டை போட்ட பேரேடும்தான் வியாபாரத்துக்கு உயிர்நாடி. இன்று அந்த இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. உளுந்து, துவரம்பருப்பு, வத்தல், மல்லி, எண்ணெய் என எந்தச் சரக்கை யாருக்கு எத்தனை மூடை கொடுத்தோம், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதற்குள்தான். சிவகாசிப் பட்டாசு வியாபாரிகளுக்கோ இது இன்னும் பெரிய விஷயம். தீபாவளிக்கு முன் வெளிமாநிலங்களுக்குக் கடனில் போகும் சரக்கின் பணம் தீபாவளி கழிந்த பிறகுதான் வசூலாகும். பற்றுவரவு அழிந்துவிட்டால் எதைக் காட்டிப் பணம் கேட்பது?

காலையில் கடை திறந்து கம்ப்யூட்டரைப் போடுகிறோம். பாஸ்வேர்ட் அடித்ததும் உள்ளே போகாமல் ‘யூசர் புரொஃபைல் சர்வீஸ் ஃபெயில்ட் தி லாகான்’ என்று வருகிறது. அல்லது உள்ளே போனாலும் திரையில் நமது கோப்புகள் ஒன்றையும் காணோம். ‘டெம்பரரி புரொஃபைல்’ என்று ஓர் அறிவிப்பு மட்டும் வருகிறது. பாஸ்வேர்ட் தவறு என்றால் தவறு என்றே நேராகச் சொல்லிவிடும். இது வேறு சங்கதி.

ஒவ்வொரு பயனாளருக்கும் விண்டோஸ் தனியாக ஒரு பதிவுக் கோப்பு வைத்திருக்கிறது. நாம் உள்ளே நுழையும்போது அதைத்தான் முதலில் படிக்கிறது. அதைப் படிக்க முடியாதபோது இந்தத் தகராறு வருகிறது. எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனாலும், ஸ்விட்சை நேரடியாக அணைத்தாலும், விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றாலும் அந்தக் கோப்பு கெடலாம். இவையெல்லாம் சில்லறைத் தொல்லை. ஆனால் ஹார்டு டிஸ்கில் அந்தக் கோப்பு இருக்கும் இடமே பழுதாகியிருந்தால், இன்று ஒரு கோப்பு, நாளை பேரேடு என்று பரவும்.

எப்படிப் பிரித்தறிவது? சில நாட்களாகவே கம்ப்யூட்டர் திறக்க வழக்கத்தைவிட நேரம் எடுத்ததா? கோப்பை நகல் எடுக்கும்போது பாதியில் நின்றதா? நீலத்திரை வந்து தானாக அணைந்ததா? பெட்டிக்குள் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்கிறதா? சரிசெய்த பிறகும் அதே தகராறு திரும்ப வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் டிஸ்க் மேல் சந்தேகப்படவேண்டும். சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது, முறிந்த காலோடு நடக்கவிடுவதைப் போன்றது.

சத்தம் இல்லையென்றால் ஒரே ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், பழுது பார்ப்பது அப்புறம். முதலில் கணக்கை வெளியே எடுங்கள். வேறொரு பயனாளர் பெயரிலோ ‘சேஃப் மோட்’ வழியிலோ நுழைந்து, டாலி முதலான கணக்குக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால், டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. உறையில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்கலாம். டிஸ்க் ‘பிட்லாக்கர்’ பூட்டுப் போட்டதாக இருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த எண்ணை இன்றே எழுதிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். டெம்பரரி புரொஃபைலில் உட்கார்ந்து பில் எழுதிச் சேமித்துவைப்பதும் ஆபத்து. வெளியேறியதும் அந்தப் புரொஃபைலில் வைத்தவை அழிந்துவிடும்.

மெக்கானிக் வந்ததும், “ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிடும் அண்ணாச்சி” என்பார். நகல் கைக்கு வரும்வரை சம்மதிக்காதீர்கள். ‘செக் டிஸ்க்’ என்ற சோதனையையும் நகல் எடுக்குமுன் ஓட்டவேண்டாம். அது டிஸ்க் முழுவதையும் தடவிப் பார்ப்பதால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் டிஸ்க் அந்தச் சோதனையிலேயே உயிரை விடக்கூடும். மேலும் அது கெட்ட கோப்புகளை வெட்டி ஒட்டும். வெட்டுப்பட்டது உங்கள் பேரேடாகவும் இருக்கலாம்.

சரக்கு லாரியில் ஏறி நிற்கிறதே என்று பதறவும் வேண்டாம். இ-வே பில்லை அரசின் இணையதளத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் எடுக்கலாம். வியாபாரம் நடக்கட்டும், பழுதான பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள்.

நகல் எடுத்த பிறகு பரிசோதனை. விண்டோஸில் ‘ஈவன்ட் வியூவர்’ என்ற பகுதியில் ‘சிஸ்டம்’ பட்டியலைப் பாருங்கள். அங்கே ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 என்ற எண்ணோடு ‘பேட் பிளாக்’ என்று பதிவாகியிருந்தால், அது டிஸ்கே கொடுக்கும் வாக்குமூலம். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளும் உதவும். பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் இடங்கள், திருத்தவே முடியாத இடங்கள் ஆகியவற்றின் கணக்கை அது காட்டும். இந்த எண்கள் கூடிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றிவிடுங்கள்.

கூகுள் நிறுவனத்தார் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007-ல் ஆய்வு ஒன்று வெளியிட்டார்கள். மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்கைவிட 39 மடங்கு என்று அதில் கண்டார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பழுதான டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கை எண்களில் எதையும் காட்டாமலே போய்விட்டன. ஆக, எச்சரிக்கை வந்தால் அலட்சியம் கூடாது. வரவில்லை என்றால் நிம்மதியும் கூடாது. புதிய வகை எஸ்.எஸ்.டி. டிஸ்குகளில் சத்தம் போட உறுப்பே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடியவை.

டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் செலவில்லை. புதிய பயனாளர் பெயர் ஒன்று உண்டாக்கி, பழைய கோப்புகளை அதற்கு மாற்றிக்கொண்டால் போதும். டிஸ்க் மாற்றினால், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் கணக்கு முழுவதும் அதில் இருக்கிறது. கேரண்டி காலத்துக்குள் கம்பெனி புது டிஸ்க் கொடுக்கும். அதற்குள் இருந்த கணக்கைக் கொடுக்காது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பது மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவு. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி மின்னணு நகல் வைத்திருக்கவேண்டும் என்பது 57-வது விதி. டிஸ்க் போய்விட்டது என்று அதிகாரியிடம் கையை விரிக்க முடியாது.

எனவே நித்தம் செய்யவேண்டியது இதுதான். கடை அடைக்குமுன் அன்றைய கணக்கை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். இரண்டு டிஸ்க் வைத்து மாற்றி மாற்றி எடுப்பது நல்லது. நகல் எடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், 2017 மே மாதம் உலகையே ஆட்டிய ‘வானாக்ரை’ போன்ற வைரஸ் நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒரு நகல் கடைக்கு வெளியே, வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கம்ப்யூட்டரும் நகலும் ஒரே மேஜையில் இருந்தால் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும்.

கரண்ட் போனால் ஒழுங்காக மூட அவகாசம் தரும் யு.பி.எஸ். ஒன்றும் அவசியம். மாதம் ஒருமுறை நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நாலு பேர் பாக்கியைச் சரிபாருங்கள். திறந்து பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணக்கட்டு.

சரக்கு நஷ்டப்பட்டால் அடுத்த சீசனில் ஈடுகட்டலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது மறந்துபோனால் எந்தச் சீசனிலும் ஈடுகட்ட முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதல் நகலை எடுத்துவிடுங்கள்.