கனடியத் திரைப்படம்: வணிகப் பின்னடைவும் கவனம் பெறாத கலைமரபும்

முன்னுரை

அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்கள் தம் படங்களின் வசூலை ‘உள்நாடு’, ‘வெளிநாடு’ என இரண்டாகப் பிரித்துக் கணக்கிடுவது வழக்கம். இவற்றுள் ‘உள்நாடு’ என்னும் பிரிவில் அமெரிக்காவுடன் கனடாவும் அடங்கும். கனடியத் திரைப்படத்தின் வணிக வரலாற்றை இக்கணக்குமுறையிலிருந்தே படிக்கத் தொடங்கலாம். கனடாவில் எடுக்கப்பட்ட ஆங்கிலப் படங்கள் தம் நாட்டுத் திரையரங்க வசூலில் பெறும் பங்கு பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றிரண்டு விழுக்காட்டளவிலேயே நிற்கிறது. இதைக்கொண்டு அப்படங்கள் சுவையற்றவை என்று முடிவு கட்டுவோர் உண்டு. கனடாவிலேயே அத்தகையோர் மிகுதி. ஆனால் மக்கள் பார்த்துப் புறக்கணித்த படம் வேறு; பார்க்கும் வாய்ப்பே அளிக்கப்படாத படம் வேறு. கனடியப் படங்களுள் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சார்ந்தவை என்பதையும், வசூல் களத்துக்கு வெளியே அவை வளர்த்த கலைமரபு எத்தகையது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திரையரங்கும் விநியோகமும்

கனடாவின் மிகப் பெரிய திரையரங்கத் தொடரான ஃபேமஸ் பிளேயர்ஸ் 1930இல் அமெரிக்காவின் பாரமவுண்ட் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தனியுரிமை வணிகம் என்னும் குற்றச்சாட்டின்பேரில் அரசு விசாரணை நடத்தி வழக்கும் தொடுத்தது. எனினும் 1932இல் ஒண்டாரியோ நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுவித்தது. அன்று முதல் எந்தப் படம் எந்த வாரம் ஓட வேண்டும் என்பது பெரும்பாலும் கனடாவுக்கு வெளியிலேயே முடிவாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாலர் இருப்புக் குறைந்தபோது, ஹாலிவுட் படங்களின் வருவாய் வெளியேறுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு கனடாவில் எழுந்தது. அதனைத் தவிர்க்கும் வகையில் 1948இல் ‘கனடிய ஒத்துழைப்புத் திட்டம்’ உருவாயிற்று. கனடா கட்டுப்பாடு எதனையும் விதிப்பதில்லை. மாறாக, ஹாலிவுட் தன் படங்களில் கனடாவைப் பற்றிய குறிப்புகளைச் சேர்த்துச் சுற்றுலாவை வளர்க்கும் என்பது அதன் சாரம். குதிரைவீரர் படம் ஒன்றில் இரவில் கேட்கும் பறவையொலி கனடாவிலிருந்து வந்த பறவையினுடையது என்று ஒரு பாத்திரம் கூறுவது இத்திட்டத்தின் விளைவு. சொந்தத் திரைப்படத் தொழிலுக்கான வாய்ப்பை ஒரு நாடு பறவைகளுக்காக விட்டுக்கொடுத்தது எனில் அது மிகையாகாது. 1987இல் அமைச்சர் ஃபுளோரா மக்டொனால்டு விநியோக உரிமையை முறைப்படுத்த முன்வைத்த திட்டமும் ஹாலிவுட்டின் எதிர்ப்பால் நீர்த்துப்போய்ச் சட்டமாகாமலேயே நின்றது. படம் எடுக்கப் பணம் தர அரசு பலமுறை முன்வந்தது; திரையரங்கில் இடம் ஒதுக்கச் சட்டம் இயற்ற ஒருமுறையும் துணியவில்லை.

வரிச்சலுகைக் காலம்

1967இல் ஒரு கோடி டாலர் முதலீட்டுடன் கனடியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. இன்று டெலிஃபிலிம் கனடா எனப்படுவது இதுவே. 1970களின் நடுப்பகுதியில், திரைப்படத்தில் இட்ட முதல் முழுவதையும் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என அரசு அறிவித்தது. பல் மருத்துவர்களும் வழக்குரைஞர்களும் படமுதலாளிகள் ஆயினர். படங்களின் எண்ணிக்கை பெருகியது. ஆனால் திரையரங்கையே எட்டாத படங்கள் பல. எட்டியவையும் டொராண்டோவை நியூயார்க் போலக் காட்டின. இக்காலத்தின் பெருவெற்றியான ‘போர்க்கீஸ்’ ஃபுளோரிடாவில் நிகழும் கதையை ஃபுளோரிடாவிலேயே படமாக்கியது. சட்டப்படி அது கனடியப் படம். கனடிய மண்ணோ வாழ்வோ அதில் இல்லை. ‘வசூல் இல்லாததே குறை’ என்று மட்டும் கூறுவோருக்கு இப்படம் தக்க மறுமொழியாகும்.

இதற்கு நேர்மாறானது டான் ஷெபிப் இயக்கிய ‘கோயிங் டவுன் தி ரோடு’ (1970). கிழக்குக் கடலோர மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி டொராண்டோவுக்கு வரும் இரு இளைஞர்களின் சரிவை, மிகக் குறைந்த செலவில், ஆவணப்படம் போன்ற நடையில் அது சொல்கிறது. நகரம் தன் சொந்தப் பெயரிலேயே திரையில் தோன்றியது என்பதே அன்று புதுமை.

கியூபெக் தரும் சான்று

ஆங்கிலக் கனடாவின் நிலையைப் பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக்கோடு ஒப்பிடும்போது சிக்கலின் வேர் தெளிவாகிறது. அங்கே மொழியே வேலியாக அமைந்தது. உள்ளூர் நடிகர்கள், உள்ளூர்த் தொலைக்காட்சி, உள்ளூர் நகைச்சுவை ஆகியவற்றின் துணையோடு ‘லே பாய்ஸ்’ (1997), ‘கிரேஸி’ (2005) போன்ற படங்கள் பெருங்கூட்டத்தை ஈர்த்தன. 2000களின் நடுப்பகுதியில் கியூபெக் வசூலில் உள்ளூர்ப் படங்களின் பங்கு ஐந்தில் ஒன்றை நெருங்கியது. இருமொழிப் படமான ‘பான் காப் பேட் காப்’ (2006), கனடாவுக்குள் ‘போர்க்கீஸ்’ பெற்றிருந்த வசூல் எண்ணிக்கையை முறியடித்தது. அவ்வசூலின் மிகப்பெரும் பகுதியும் கியூபெக்கிலிருந்தே கிடைத்தது. டெனி ஆர்க்கானின் ‘லே இன்வாசியோன் பார்பார்’ (2003) சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதினையும் பெற்றது. ஒரே நாடு, ஒரே கூட்டரசு நிதியமைப்பு. வேறுபடுவது பார்வையாளரைச் சென்றடையும் வழி மட்டுமே.

ஆவணப்பட மரபு

கனடாவின் தனிப்பெரும் பங்களிப்பு தேசியத் திரைப்பட வாரியத்தில் தொடங்குகிறது. 1939இல் நிறுவப்பட்ட அவ்வாரியத்தின் முதல் ஆணையர் ஜான் கிரியர்சன். வசூலை எதிர்பாராத இந்நிறுவனம் கலைஞர்க்குச் சோதனை செய்யும் உரிமையை அளித்தது. உயிருள்ள மனிதரைப் பொம்மைகளைப் போல ஒவ்வொரு சட்டகமாக நகர்த்திப் படமாக்கிய நார்மன் மக்லாரனின் ‘நெய்பர்ஸ்’ (1952) அங்கேயே பிறந்தது. கையில் ஏந்திய கேமராவோடு மக்களிடையே கலந்து நின்று படம்பிடிக்கும் முறையை மிஷேல் ப்ரோவும் அவர்தம் தோழர்களும் 1950களின் இறுதியில் வளர்த்தெடுத்தனர். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரூஷ் தம் புகழ்பெற்ற ஆவணப்படத்துக்கு அதே ப்ரோவைப் பாரிசுக்கு அழைத்துக்கொண்டார். உலகத் திரைப்பட வரலாறுகள் பாரிசைச் சிறப்பிக்கும் அளவுக்கு மாண்ட்ரியலைச் சிறப்பிப்பதில்லை.

ப்ரோவும் பியேர் பெரோவும் இணைந்து எடுத்த ‘பூர் லா சுயித் து மோந்த்’ (1963), செயிண்ட் லாரன்ஸ் ஆற்றிலுள்ள ஒரு தீவின் மக்கள், முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் கைவிட்டிருந்த வெண்திமிங்கில வேட்டையை மீண்டும் நிகழ்த்துவதைப் பதிவுசெய்கிறது. கழிகளை ஆற்றில் நட்டுத் திமிங்கிலத்தை வளைக்கும் நுட்பத்தை முதியோர் நினைவிலிருந்து மீட்கின்றனர். வாய்மொழி வழக்காற்றை ஆராய்வோர்க்கு இப்படம் அரிய மூலமாகும். அபனாகி இனத்தவரான அலானிஸ் ஓபம்சாவின், 1990இல் மோஹாக் மக்களுக்கும் படையினருக்கும் இடையே 78 நாள் நீடித்த முற்றுகையை முள்வேலிக்கு உள்ளே மக்களோடு இருந்து படமாக்கினார். ‘கனெசடாகே’ (1993) எனும் அப்படமும் வாரியத்தின் வெளியீடே. அரசின் பணத்தால் அரசையே கேள்விக்கு உட்படுத்திய படம் அது.

இக்லூலிக்கிலிருந்து ஒரு காவியம்

ஆர்க்டிக் பகுதியின் இக்லூலிக் ஊரினர், தம் இனுக்டிடுட் மொழியில் நிகழ்ச்சி இல்லை என்பதால் தொலைக்காட்சியையே நெடுங்காலம் மறுத்துவந்தனர். அவ்வூரின் சிற்பியான ஸகரியாஸ் குனுக், 1981இல் தம் கற்சிற்பங்களை மாண்ட்ரியலில் விற்ற பணத்தில் ஒரு வீடியோ கேமரா வாங்கினார். இருபதாண்டுகளுக்குப்பின் வெளிவந்த அவரது ‘அட்டனார்ஜுவாட்’ (2001) முழுவதும் இனுக்டிடுட் மொழியில் அமைந்த முதல் கதைப்படம். திரைக்கதையாசிரியர் பால் அபாக் அங்கிலிர்க், முதியோர் பலர் சொன்ன தொல்கதை வடிவங்களைத் திரட்டி எழுதினார். படம் முடியும் முன்பே 1998இல் மறைந்தார். பழங்குடி மொழிப் படங்களுக்கென ஒதுக்கப்பட்ட சிறு தொகை போதாமல் படப்பிடிப்பு ஓராண்டு தடைப்பட்டது.

நாயகன் ஆடையின்றிப் பனிப்பரப்பில் ஓடும் காட்சி பெரிதும் பேசப்படுகிறது. ஆயினும் பனிவீட்டுக்குள் விளக்கு எரிக்கும் கைகள், தோலைப் பதப்படுத்தும் முறை, உறவுப்பெயரால் ஒருவரையொருவர் விளிக்கும் வழக்கம் ஆகியவற்றிலேயே படத்தின் ஆழம் உள்ளது. முன்னோரின் பெயரை ஏற்ற குழந்தை அம்முன்னோராகவே விளிக்கப்படும் மரபினை விளக்கவுரை ஏதுமின்றிப் பார்வையாளரே உணர்ந்துகொள்ள இயக்குநர் விட்டுவிடுகிறார். கான் விழாவில் தங்கக் கேமரா விருது பெற்ற இப்படம், 2015இல் டொராண்டோ திரைப்பட விழா நடத்திய வாக்கெடுப்பில் கனடியப் படங்களுள் முதலிடம் பெற்றது.

மொழியெல்லை விரிதல்

குடிபெயர்ந்தோரின் மொழிகளும் இம்மரபில் இணைந்துள்ளன. 2006இல் ஆஸ்கர் விதி தளர்ந்ததால், தீபா மேத்தாவின் ‘வாட்டர்’ என்னும் இந்திப் படத்தைக் கனடா தன் சார்பில் அனுப்ப முடிந்தது. ஷியாம் செல்வதுரையின் புதினத்தை அடியொற்றி அவர் எடுத்த ‘ஃபன்னி பாய்’ (2020), 1983 இனக்கலவரத்துக்கு முந்தைய கொழும்பில் வளரும் ஒரு தமிழ்ச் சிறுவனைப் பற்றியது. தமிழ்ப் பாத்திரங்களுக்குத் தமிழர் அல்லாத நடிகர் சிலரைத் தேர்ந்ததும், அவர்தம் தமிழ் ஒலிப்பும் கனடியத் தமிழரிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தன, அவ்வெதிர்ப்பு நியாயமானதே. கனடா அதனை ஆஸ்கருக்கு அனுப்பியபோது, ஆங்கில உரையாடல் மிகுதி என்ற காரணத்தால் அயல்மொழிப் பிரிவில் அது ஏற்கப்படவில்லை. பெருந்தொற்றால் திரையரங்குகள் முடங்கியிருந்த அவ்வாண்டின் டிசம்பரில், பொதுத்துறை நிறுவனமான சிபிசியின் தொலைக்காட்சி வழியாக அப்படம் கனடிய வீடுகளைச் சென்றடைந்தது.