நாலு பேர் அறை

சிவகாசிப் பக்கத்து விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலைக்குள் போனால், ஒன்றையொன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன அறைகள்தான் கண்ணில் படும். மருந்து வேலை நடக்கும் அறைக்குள் நுழைகிறவர் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டில் கை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுவதுபோல் இருக்கும். உண்மையில் அவர் தன் உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிடுகிறார். நடக்கும்போதும் உடை உரசும்போதும் நம் மேல் நிலைமின்சாரம் சேருகிறது. விரல் நுனியில் சுருக்கென்று நமக்கு உறைக்க வேண்டுமானால் அது சுமார் 3,000 வோல்ட்டைத் தாண்டியிருக்க வேண்டும். வீட்டு மின்சாரம் வெறும் 230 வோல்ட்! ஆனால் அந்தப் பொறியில் இருக்கும் ஆற்றல் மிகச் சொற்பம் என்பதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அலுமினியத் தூள் கலந்த மருந்துக்கோ, நமக்கு உறைக்காத பொறியே ஆபத்தாக முடியலாம்.

அந்த அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. உள்ளே வைத்திருக்கும் மருந்துக்கும் அளவு உண்டு. கதவு வெளிப்பக்கம் திறக்கும். அடுத்த அறை இத்தனை மீட்டருக்கு அப்பால்தான் இருக்கலாம். விபத்தே நடக்காது என்ற நம்பிக்கையில் கட்டிய இடமல்ல இது. நடந்துவிட்டால் எதுவரை போகும், எங்கே அதை நிறுத்துவது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக் கட்டிய இடம்.

சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் எழுதுகிறவர்களும் தினமும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒரு பிழை எத்தனை பேரைப் பாதிக்கும் என்பதை அவர்கள் ‘பிளாஸ்ட் ரேடியஸ்’ என்கிறார்கள். வெடிமருந்துக்காரர்களின் சொல், தமிழில் வெடி வீச்சு எனலாம். சிவகாசியில் இந்த இரண்டு உலகமும் ஒரே தூளில் சந்திக்கின்றன. அலுமினியத் தூள் தயாரிக்கும் மெப்கோ தொழிற்குடும்பத்தார் 1984-இல் தொடங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியிலிருந்து இன்று கணினிப் பொறியாளர்கள் படித்து வெளியே போகிறார்கள்.

நாலு என்ற எண்ணுக்குள் இன்னொரு அழகும் ஒளிந்திருக்கிறது. நாலு பேர் இருந்தால், இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 6 வழிகள் உண்டு. எட்டுப் பேர் என்றால் 28. ஐம்பது பேர் என்றால் 1,225! ஆள் பெருகுவதைவிடப் பல மடங்கு வேகமாகப் பேச்சு வழிகள் பெருகுகின்றன. தாமதமான மென்பொருள் வேலையில் கூடுதல் ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு வழிகள் உள்ள அறையில் ஒருவர் முகம் சுளித்தாலும் மற்ற மூவருக்கும் தெரிந்துவிடும்.

சுவரும் தூரமும் அடுத்த அறையைக் காப்பாற்றும். உள்ளே இருக்கும் நாலு பேரைக் காப்பாற்றுவது எது?

அதற்கு மருந்தின் குணத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நைட்ரேட் உப்பும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உடனே எதுவும் நடக்காது. உள்ளுக்குள் மெல்ல ஒரு வேதிவினை தொடங்கும். மணிக்கணக்கில் சூடு ஏறும். லேசாக அம்மோனியா நெடி வரும். அந்தச் சூடே சூட்டைப் பெருக்கி, கடைசியில் தானாகத் தீப்பிடிக்கலாம். மீதமான மருந்தை ராத்திரி அப்படியே விட்டுப் போவது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். இதைத் தடுக்க வாணவேடிக்கைத் தொழிலில் சிறிதளவு போரிக் அமிலம் சேர்ப்பது உண்டு. கேரம் பலகையில் காய் வழுக்குவதற்காகத் தூவுகிறோமே, அதேதான்.

கவனியுங்கள்: வெடிப்பதற்கு முன் மருந்து ‘பேசுகிறது’. கொஞ்சம் வெதுவெதுப்பு, கொஞ்சம் நெடி. அதை முதலில் உணர்வது முதலாளியோ ஃபோர்மேனோ அல்ல. கையால் மருந்தைத் தொடுகிறவர். “அண்ணே, மருந்து லேசா சூடா இருக்கிற மாதிரி இருக்கு” என்று அவர் சொல்ல வேண்டும். மிக எளிய வாக்கியம். ஆனால் சொன்னால் வேலை நிற்கும். ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் பேச்சு விழும். அதனால் பலர் சொல்வதில்லை.

இந்த மௌனத்தை அளக்க முடியுமா? 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நல்ல குழுக்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை வெளியே சொன்னார்கள். மற்றவர்கள் மறைத்தார்கள். பிறகு ஒரு தொழில் நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, 1999-இல் இதை விளக்கி எழுதினார். தமிழில் உளப் பாதுகாப்பு எனலாம்: கேள்வி கேட்டாலும், தவறை ஒப்புக்கொண்டாலும் இங்கே யாரும் என்னைச் சிறுமைப்படுத்த மாட்டார்கள் என்ற நம்பிக்கை.

2012-இல் கூகுள் தன் 180 குழுக்களை அலசத் தொடங்கியது. யார் அதிகம் படித்தவர், யார் அதிகம் பேசுகிறவர், யார் யாரோடு சாப்பிடுகிறார் என்றெல்லாம் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் முதலிடத்தில் வந்து நின்றது உளப் பாதுகாப்புதான்.

இந்த நம்பிக்கையை ஒரு கயிறாகவே கட்டித் தொங்கவிட்டது கார் நிறுவனமான டொயோட்டா. அந்தக் கதை ஒரு தறியில் தொடங்குகிறது. இழை அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறியை சகிச்சி டொயோடா வடிவமைத்தார். மில்களுக்குப் பேர்போன ராஜபாளையத்துக்காரர்களுக்கு அதன் அருமை தெரியும்: அறுந்த இழையோடு ஓடும் தறி, விற்க முடியாத துணியைத்தான் நெய்யும். அந்த யோசனையே பிறகு கார் ஆலைக்குள் வந்தது. எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும். இதற்கு ‘அண்டான்’ என்று பெயர், ஜப்பானியத்தில் காகித விளக்கு என்று பொருள். குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அடுத்த குறியைத் தொடுவதற்குள் சரியாகாவிட்டால் வரிசையே நின்றுவிடும். இதில் என்னை வியக்க வைப்பது, ஓடி வருகிறவர் யார் என்பதுதான். பிழை கண்டவர் அதிகாரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. அதிகாரி அவரிடம் வருகிறார்.

மென்பொருளில் கயிறு அறுந்த ஒரு ராத்திரியையும் பார்ப்போம். 2017 ஜனவரி 31. உலகெங்கும் நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லாப் நிறுவனத்தில், களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான கணினியில் அழிப்புக் கட்டளை கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிகாபைட் தரவில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட். நகல் எடுக்க 5 ஏற்பாடுகள் இருந்தன. கைகொடுக்க வேண்டிய நேரத்தில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல் காப்பாற்றியது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? பழுது பார்ப்பதை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. அறிக்கையில் அந்தப் பொறியாளரை ‘குழு உறுப்பினர் 1’ என்று மட்டும் குறிப்பிட்டது. ‘யார் செய்தது’ என்று கேட்டிருந்தால் ஒரு பெயர் கிடைத்திருக்கும். ‘எப்படி நடக்க முடிந்தது’ என்று கேட்டதால் ஓட்டையான 5 ஏற்பாடுகளும் வெளிச்சத்துக்கு வந்தன.

நம் நாட்டில் இதற்கு வெகு காலம் முன்பே ஒருவர் இப்படி நடந்திருக்கிறார். 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. எஸ்.எல்.வி-3 ராக்கெட் கிளம்பும் முன் கணினி இறங்குமுக எண்ணிக்கையை நிறுத்தியது. கிளம்பலாம் என்றார்கள் நிபுணர்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார். இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாடு கெட்டு, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன் போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று தவான், “நீங்கள் போய்ப் பேசுங்கள்” என்று கலாமை அனுப்பினார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கணினி நிறுத்தியதைத் தான் மீறியதாகக் கலாமே மேடை மேடையாகச் சொன்னார். அப்படிச் சொல்லும் தைரியம் அவருக்கு 1979-இல் தவான் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

பொறுப்பை விதியாகவே எழுதி வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-இல் தொடங்கிய டூபாண்ட் வெடிமருந்து ஆலையில், அறைகளின் மூன்று சுவர்கள் தடித்த கல். ஆற்றைப் பார்த்த பக்கம் மட்டும் மெலிது. வெடித்தால் ஆற்றுப் பக்கம் போகட்டும் என்பது கணக்கு. முதலாளியின் வீடும் ஆலையை ஒட்டியே இருந்தது. 1811-இல் ஒரு விதி வந்தது: புது இயந்திரத்தையோ புதிதாகக் கட்டிய ஆலையையோ நிர்வாகத்தில் ஒருவர் முதலில் தானே இயக்கிப் பார்க்க வேண்டும், அதன் பிறகே தொழிலாளி தொடலாம். அப்படியும் 1818-இல் நடந்த வெடிப்பில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் பக்கம் 2012 செப்டம்பர் 5-ஐ யாரும் மறக்கவில்லை. முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பில் அன்று 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பட்டாசு விபத்து விசாரணைகளில் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே பட்டியல்: அறையில் அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து, மரத்தடியில் வேலை, உள்குத்தகை. செம்புத் தகடும் தூரக் கணக்கும் இருக்க, ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லையா? சொல்ல என்ன தடை என்று பார்த்தால், கூலியில் வந்து நிற்கும். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு எண்ணிக்கைதான் வருமானம். தீபாவளி நெருங்கும் மாதங்களில் அரை மணி நேரம் வெளியே நின்றால், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் அது குறையும். டொயோட்டாவில் கயிற்றை இழுத்தவருக்கு நின்ற நேரத்தின் செலவைக் கம்பெனி ஏற்கிறது. விஸ்வநத்தத்தில் அதைத் தொழிலாளியே ஏற்க வேண்டியிருக்கும்வரை அந்த அறையில் கயிறு தொங்காது.

“அண்ணே, மருந்து சூடா இருக்கிற மாதிரி இருக்கு.”

“சரிம்மா, நாலு பேரும் வெளிய வாங்க. நிக்கிற நேரத்துக்கும் கூலி எழுதிக்கிடுதேன்.”