கிராமத்தார் சரக்கு வாங்கும் முறைகளும் கூட்டுறவுப் பண்டகசாலையும்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில், ஒரே கிராமத்தில் ஒரே கடைக்கு வருவோர் அனைவரும் ஒரே விதமாகச் சரக்கு வாங்குவதில்லை. ஒருவர் ஆண்டு முழுமைக்கும் வேண்டிய புளியையும் மிளகாயையும் ஒரே தடவையில் வாங்கி வைக்கிறார். மற்றொருவர் மாத முதல் வாரத்தில் ஜாபிதா எழுதிக்கொண்டு வருகிறார். வேறொருவரோ அந்தி நேரத்தில் வந்து, அன்றிரவுச் சமையலுக்கு மட்டும் வேண்டிய எண்ணெயும் பருப்பும் வாங்கிச் செல்கிறார். இவற்றைக் காண்போர், முதலிருவரைச் சிக்கனமுள்ளவரென்றும் மூன்றாமவரைக் கணக்கறியாதவரென்றும் சொல்லிவிடுவது வழக்கம். அது சரியன்று. ஒருவர் சரக்கு வாங்கும் முறை, பெரும்பாலும் அவர் கைக்குப் பணம் வந்து சேரும் முறையைப் பின்பற்றியதாகும். இதனை உணராத பண்டகசாலை, தன் உதவி எவருக்கு மிகவும் வேண்டுமோ அவரையே இழந்துவிடும்.

நிலமுடையோரும் சிறு சாகுபடிக்காரரும்

நிலம் மிகுதியாக உடையவருக்குச் சம்பா அறுவடை முடிந்த தை, மாசி மாதங்களில் பணம் மொத்தமாக வருகிறது. புதுப்புளியும் மிளகாய் வற்றலும் சந்தைக்கு வரும் காலமும் அதனை அடுத்ததே. விலை இறங்கியிருக்கும்போது வாங்க அவரிடம் பணம் உண்டு. வாங்கியதைக் காப்பாற்றி வைக்க வீட்டில் இடமும் உண்டு. உண்பதற்கு அவர் பெரும்பாலும் அரிசி வாங்க வேண்டியதில்லை. துணிமணி, பாத்திரம் முதலியவற்றிற்குக் கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் ஆகிய ஊர்களின் கடைத்தெருக்களுக்குச் சென்று, நான்கு கடைகளில் விலை கேட்டு வாங்குவதும் அவருக்கு எளிது.

குத்தகைதாரர், சிறு சாகுபடிக்காரர் ஆகியோரின் நிலை வேறு. மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்ட பின்னர், ஜூன் 12ஆம் தேதியை ஒட்டிப் பாசனத்திற்குத் தண்ணீர் விடுவது வழக்கமாயிற்று. உழவு, விதை, நடவு ஆகிய செலவுகள் அனைத்தும் அக்காலத்தில் நெருங்கி வருகின்றன. வரவோ குறுவை அறுத்த பின்னரே உண்டு. இடையிலுள்ள மாதங்களுக்குக் கடைக்காரரின் பற்றேடே கதி. பற்று வைத்தவர் வேறு கடையில் விலை குறைவென்று தெரிந்தாலும் அங்கே செல்ல இயலாது. சரக்கின் தரத்தைக் குறைகூறவும் தயங்குவார். அவர் செலுத்தும் வட்டி ஏட்டில் தனியாக எழுதப்படுவதில்லை. விலையிலேயே அது கலந்திருக்கிறது.

கூலியாளரும் மாதச் சம்பளக்காரரும்

முற்காலத்தில் பண்ணையாட்களுக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே மரக்காலால் அளக்கப்பட்டது. உப்பும் மிளகாயும் வெற்றிலை பாக்கும் வேண்டியபோது அக்கூலி நெல்லையே கடையில் அளந்து கொடுத்து மாற்றிக்கொள்வர். நெல்லை அளப்பவரும் கடைக்காரரே, அதற்கு விலை மதிப்பவரும் அவரே, சரக்கை நிறுப்பவரும் அவரே. ஆதலால் ஒரே பேரத்தில் மூன்று இடங்களில் நஷ்டத்திற்கு வழி இருந்தது. 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. காலப்போக்கில் கூலி பணமாக மாறிற்று. எனினும் வேலை கிடைக்கும் நாட்கள் நடவையும் அறுவடையையும் ஒட்டியே அமைகின்றன. அறுவடை இயந்திரங்கள் வந்த பின்னர் அந்நாட்களும் குறைந்துள்ளன. அன்றாடம் கூலி பெறுபவர் அன்றாடம் வாங்குகிறார். பல வீடுகளில் வேலை முடிந்து திரும்பும் பெண்களே இருட்டும் வேளையில் கடைக்குச் செல்கின்றனர். அல்லது பிள்ளைகளை அனுப்புகின்றனர். எடையைச் சரிபார்க்கப் பிள்ளைக்குத் தெரியாது.

ஆசிரியர், அலுவலர் முதலிய மாதச் சம்பளக்காரருக்கோ வரவு நாளும் தொகையும் முன்கூட்டியே தெரியும். ஆதலின் ஒரு மாதத்திற்கு வேண்டியதைத் திட்டமிட்டு வாங்குதல் அவருக்குச் சாத்தியமாகிறது.

சில்லறையாக வாங்குவதன் செலவு

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஒரு லிட்டர் எண்ணெயின் விலை 200 ரூபாய் என்றும், 50 மில்லிலிட்டர் பொட்டலம் 12 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். இருபது பொட்டலங்கள் ஒரு லிட்டருக்குச் சமம். அவற்றின் விலை 240 ரூபாய். பொட்டலமாக வாங்குபவர் லிட்டருக்கு 40 ரூபாய் அதிகம் செலுத்துகிறார். இதனை அவர் அறியாமலில்லை. 200 ரூபாயை ஒரே சமயத்தில் எண்ணெய்க்கென ஒதுக்கினால், அன்று பருப்புக்கும் காய்கறிக்கும் பணம் இராது என்பதே காரணம்.

குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு அதிகரிக்கும் என்று ஜெர்மன் அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின், உணவுப் பொருளின் விலையில் ஏற்படும் சிறு வித்தியாசமும் ஏழைக் குடும்பத்தையே மிகுதியாகப் பாதிக்கும். அக்குடும்பமே அதிக விலை கொடுத்து வாங்க நேர்வது பெருங்கேடு.

கூட்டுறவு இயக்கத்தின் அனுபவம்

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844இல் 28 பேர் சேர்ந்து ஒரு பண்டகசாலை தொடங்கினர். கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை, வாங்கிய அளவுக்கேற்ப லாபத்தில் பங்கு என்பன அவர்களுடைய விதிகள். ரொக்க விதி பண்டகசாலையைக் கடன் சுமையிலிருந்து காத்தது; ஆனால் கையில் ரொக்கமில்லாத பரம ஏழைகளை அது வெளியே நிறுத்திற்று. இக்குறையைக் கண்ட கூட்டுறவுப் பெண்கள் சங்கத்தார், மார்கரெட் லெவலின் டேவிஸ் அம்மையாரின் முயற்சியால், 1902இல் சண்டர்லாந்து நகரின் ஏழைகள் வாழும் பகுதியில் ஒரு கிளை ஏற்படச் செய்தனர். அங்கே சிறு அளவுகளிலும் சரக்கு விற்கப்பட்டது. வியாபாரம் நடந்ததெனினும் நிர்வாகிகளுக்குள் உடன்பாடு நிலைக்காமையால் 1904இல் அம்முயற்சி நின்றுபோயிற்று. ஏழைகள் கூட்டுறவுக் கடைக்கு வரமாட்டார்கள் என்பது உண்மையன்று என்பதை மட்டும் அது நிரூபித்தது.

அதே 1904ஆம் ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதனை நிறுவியவர்களுள் ஒருவர் தஞ்சை நாட்டு வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். அச்சங்கம் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறும் நகரத்தாரை ஆதாரமாகக் கொண்டு வளர்ந்தது. அம்முறையை நெல் விளையும் கிராமத்தில் அப்படியே கைக்கொண்டால், வரவு ஒழுங்காக உள்ளவர்களே பயனடைவர்.

தமிழ்நாட்டில் நியாய விலைக் கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்தி வருகின்றன. 2011 ஜூன் முதல் அரிசிக்குரிய குடும்ப அட்டைதாரருக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. இதனால் கூலிக் குடும்பத்தின் பெருங்கவலை ஒன்று தணிந்தது. ஆனால் எண்ணெய், மளிகை, சோப்பு முதலியவற்றில் பெரும்பகுதியை அக்குடும்பம் இன்னும் வெளிக்கடையிலேயே வாங்குகிறது. இத்தேவையைத் தனி வியாபாரிகள் நன்கு அறிந்தனர். கடலூர் சின்னிகிருஷ்ணன், கூலியாளரும் வாங்கத்தக்க சிறு உறைகளில் பொருள்களை அடைத்து விற்கும் முறையில் முன்னோடியாக விளங்கினார். அம்முறை பின்னர் நாடெங்கும் பரவிற்று. வியாபாரி கண்ட வழியைச் சங்கமும் காணலாகாதா?

செய்யத்தக்கன

முதலாவதாக, பண்டகசாலை தானே மொத்தமாக வாங்கிய பருப்பு, எண்ணெய், மிளகாய் முதலியவற்றைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, உறைச் செலவு மட்டும் சேர்த்து, மொத்த விலை விகிதத்திலேயே விற்கலாம். இரண்டாவதாக, வேலை முடிந்து திரும்புவோருக்குச் சௌகரியமாக மாலையிலும் கடை திறந்திருத்தல் வேண்டும். மூன்றாவதாக, எடையும் விலையும் பலகையில் எழுதி, பிள்ளை வந்தாலும் பெரியவர் வந்தாலும் ஒரே அளவு கொடுத்தல் வேண்டும். நான்காவதாக, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வரும்போது சாகுபடிக்காரரும், நடவு அறுவடை நாட்களில் கூலியாளரும் சிறு தொகையைச் சங்கத்தில் முன்பணமாகக் கட்டி வைத்து, கை வறண்ட மாதங்களில் அதற்குச் சரக்குப் பெறலாம். தீபாவளிச் சீட்டு கட்டிப் பழகிய கிராமத்தாருக்கு இது புதிதன்று. எல்லையற்ற கடன் விற்பனை சங்கத்தையே அழிக்கும். முன்பணமோ அங்கத்தினரைப் பற்றேட்டிலிருந்து விடுவிக்கும்.

இவற்றிற்கெல்லாம் முன்னே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்ட தென்னிந்திய கிராமங்கள் பற்றிய நூலில், தஞ்சை ஜில்லாவின் பாலக்குறிச்சியும் ஆராயப்பட்டது. அவ்வாறே ஒவ்வொரு சங்கமும் தன் கிராமத்தை ஆராயலாம். விற்பனைக் கணக்கைத் தெருவாரியாகப் பிரித்துப் பார்த்தால், எந்தத் தெருவார் கடைக்கு வருகின்றனர், எந்தத் தெருவார் வருவதில்லை என்பது ஒரே மாலையில் விளங்கும். வராதவரைக் குறைகூறுவதை விட்டு, அவர் எந்நேரத்தில், எவ்வளவு, எவ்விதப் பணத்தால் வாங்குகிறார் என்று கேட்டறிந்து அதற்கேற்பக் கடையை அமைப்பதே அங்கத்தினரின் கடமை.